குனிந்து பார்க்கும் கண்ணுக்கு ஒரு கண்ணாடி

மூன்று வார விடுமுறையில் ஊருக்கு வந்தபோது முடிக்க வேண்டிய வேலைகளில் இம்முறை முதலிடம் பிடித்தது, சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஒரு பவர் கண்ணாடி. எனக்கு இரு கண்களிலும் ஏறத்தாழ மைனஸ் 4 அளவுக்குக் கிட்டப்பார்வை உண்டு. அன்றாடக் கண்ணாடியோடு ஓட்டினால் ஓரங்களில் காற்று புகுந்து கண்ணீர் வழியும். ஹேண்டில்பாரின் மேல் குனிந்ததும் பார்வை ஃப்ரேமின் மேல்விளிம்பில் போய் முட்டும். காண்டாக்ட் லென்ஸையும் போட்டுப் பார்த்தேன். எதிர்க்காற்றில் சிறிது நேரத்திலேயே கண் உலர்ந்து உறுத்தத் தொடங்கிவிட்டது.

முதலில் நுழைந்த கடையில் முகத்தைச் சுற்றி வளைந்த ஒரு ஃப்ரேமை எடுத்து வைத்து, என் பழைய பவரையே அதில் போட்டு இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார்கள். வளைவுக்காகப் பவரைத் திருத்த வேண்டாமா என்று கேட்டதற்கு, இது உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்பதே பதிலாக வந்தது. நேரான ஃப்ரேமுக்கு எழுதிய பவரை வளைந்த ஃப்ரேமில் அப்படியே போட்டால், லென்ஸ் பக்கவாட்டில் சாய்வதால் பவர் சற்றுக் கூடுவதோடு, மருத்துவச் சீட்டில் இல்லாத சிலிண்டரும், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடும் பவரும், முளைத்துவிடும். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக அமையாவிட்டாலும் சிக்கல்தான்: மைனஸ் 4 லென்ஸில் மையம் 5 மில்லிமீட்டர் விலகினால் 2 பிரிசம் டையாப்டர், அதாவது ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் பொருள் 2 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். சாலைப் பள்ளத்தைக் கணித்து ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. அங்கிருந்து கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது கடையில் கண் பவரைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக இருந்த பெண், ஃப்ரேமைக் காட்டுவதற்கு முன்பே ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு போனதும் முதுகில்லாத ஸ்டூலில் உட்காரவைத்து, மேசை விளிம்பை ஹேண்டில்பாராகப் பிடிக்கச் சொல்லி, “ரோட்டைப் பார்க்கிற மாதிரியே பாருங்க சார், எனக்காக நிமிராதீங்க” என்றார். பிறகு என் கண் மட்டத்துக்குக் குந்தி அமர்ந்து, ஃப்ரேமில் இருந்த மாதிரி லென்ஸின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தபோது வைத்த புள்ளிக்கும் இதற்கும் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. குனிந்தவன் லென்ஸின் மேல்பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறான் என்பதை இத்தனை ஆண்டுகளில் எனக்கு எவரும் இப்படி அளந்து காட்டியதில்லை. நிமிர்ந்து ஓட்டும் நேரமும் உண்டு என்பதால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் மையத்தை வைத்தார். இரு கண்மணிகளின் தூரத்தையும் மூக்கின் நடுவிலிருந்து தனித்தனியாக எடுத்து, ஃப்ரேமின் வளைவுக் கோணத்தையும் சாய்வையும் குறித்துக்கொண்டார்.

பவர் லென்ஸை உள்ளே மாட்டும் இன்செர்ட் வகையும் அங்கே இருந்தது. வெளிக்கண்ணாடியைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. ஆனால் துடைக்க வேண்டிய பரப்புகள் இரட்டிப்பாகும். சிக்னலில் நின்றால் இரண்டுக்கும் நடுவில் ஆவி படியும். என் கண்ணிமை முடியும் அதில் உரசியது. வேண்டாம் என்று விட்டேன்.

லென்ஸின் பொருளில் மட்டும் சற்று வாதாடினேன். மெல்லியதாக இருக்கும் என்று 1.67 ஒளிவிலகல் எண் கொண்ட பிளாஸ்டிக் பரிந்துரைக்கப்பட்டது. கல் தெறிக்கும் சாலையில் எனக்கு வேண்டியது மெலிவு அல்ல, உடையாமை. பாலிகார்பனேட் அடி தாங்கும். ஆனால் நிறங்கள் பிரியாமல் காட்டும் திறனைக் குறிக்கும் ஆபே எண் அதற்குச் சுமார் 30 மட்டுமே என்பதால் ஓரங்களில் நிற விளிம்பு தெரியும். டிரைவெக்ஸ் என்ற இன்னொரு லென்ஸ் பிளாஸ்டிக்கில் அந்த எண் ஏறத்தாழ 43 முதல் 45 வரை. அடியும் தாங்கும், எடையும் குறைவு. விளிம்பு சற்றுத் தடிக்கும் என்று தெரிந்தே அதைக் கேட்டேன். நிறத்துக்கு வெயிலில் கறுத்து நிழலில் தெளியும் வகையை எடுத்தேன். கறுப்பதைவிடத் தெளிவதற்கு அது அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது இன்னும் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது. போலரைஸ்டு வேண்டாம் என்றதற்குக் காரணம், சில கோணங்களில் அது சைக்கிள் கணினியின் திரையை இருட்டாக்கிவிடும்.

லென்ஸ் வந்துசேர ஒன்பது நாட்கள் ஆயின. வந்திறங்கிய வாரத்திலேயே ஆர்டர் கொடுத்திருந்ததால் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துத் திரும்பிப் போக நேரம் இருந்தது. வலது காதின் மேல் ஹெல்மெட் பட்டை அழுத்தியதை, வளைந்த காம்பை நேராக்கிச் சரிசெய்து கொடுத்தார்கள். கடைசி வாரத்தில் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது.

கிளம்பும்போது அந்தப் பெண் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தார்: ஒன்று கண் பரிசோதனையில் வந்த பவர், மற்றது வளைவுக்காகத் திருத்தி லேபுக்கு அனுப்பிய பவர். இரண்டாவதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். நான் வாழும் நாட்டுக்குத் திரும்பிய மாதம், தளர்ந்த ஒரு திருகை முடுக்கக் கொடுத்த இடத்தில், கண்ணாடியை லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தவர் முதல் சீட்டோடு ஒப்பிட்டு, பவர் தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். நான் பையிலிருந்து இரண்டாவது சீட்டை எடுத்து நீட்டினேன்.