டயருக்குள் நீரா, சக்கரத்தில் இரும்பா?

ஜெனரல் எலக்ட்ரிக் 1969-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த எலக்-டிராக் மாதிரியான மின் தோட்ட டிராக்டரில் லெட்-ஆசிட் பேட்டரிகளே நல்ல கனம். ஆனாலும் ஈரப் புல் சரிவில் பின்சக்கரம் வழுக்கும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி சறுக்கிக்கொண்டே இறங்கும். பின்பக்கம் எடை கூட்டியே ஆக வேண்டும்.

டயரில் நீர் நிரப்புவது மலிவு. எடை தாழ்வாக நிற்பதால் கவிழும் பயமும் குறையும். குளிரில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். வால்வு ஓரம் லேசாகக் கசிந்தாலும் ரிம் துருப்பிடித்து அரிக்கும். பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடு.

சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு எடைக்கு விலை கூடுதல். ஆனால் காய்ந்த சமதளத்தில் புல்வெட்டும் மாதங்களில் போல்ட்டைக் கழற்றி இறக்கிவைக்கலாம், பேட்டரி சார்ஜ் மிச்சம். மின் வண்டிக்கு என் ஓட்டு இதற்கே. பனிக்கட்டி மேல் இரண்டுமே போதாது, டயரில் சங்கிலி மாட்டுங்கள். எடை ஏற்றியதும் பிரேக்கையும் இறுக்கிச் சரிபாருங்கள்.