பழைய வயர் செம்பு, அலுமினியம், வண்ணக் கம்பி: எந்த நகைக்கு எது?

கையால் சுலபமாக வளைகிற கம்பி, போட்டுக்கொண்ட பிறகும் அதே சுலபத்தோடு நெளிந்து போகும். கம்பி நகை செய்யத் தொடங்குபவர்கள் அலுமினியத்தை வாங்கி ஏமாறுவது இதனால்தான். பழைய மின்வயரில் உரித்த செம்பு, அலுமினியக் கம்பி, சிறு சுருளாக வரும் வண்ணப் பூச்சுக் கம்பி ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் வைத்து எல்லா வேலையையும் முடிக்க முடியாது. ஆனால் ஒன்றில்தான் தொடங்க வேண்டும் என்றால் அது செம்பு.

முதலில் அளவு. கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணை நம்ப வேண்டாம். 20 கேஜ் என்பது அமெரிக்க முறையில் 0.81 மி.மீ., பிரிட்டிஷ் முறையில் 0.91 மி.மீ. மின்வயரில் குழப்பம் வேறு மாதிரி. 1.5 சதுர மி.மீ. என்று எழுதியிருப்பது குறுக்குவெட்டுப் பரப்பு. உள்ளே ஒற்றைக் கம்பியாக இருந்தால் விட்டம் ஏறக்குறைய 1.38 மி.மீ. 1 சதுர மி.மீ. வயரில் 1.13 மி.மீ. மோதிரத்துக்கும் பதக்கச் சட்டத்துக்கும் இந்த இரண்டும் கச்சிதம். ஒற்றை இழை நெட்வொர்க் கேபிளை உரித்தால் சுமார் 0.5 மி.மீ. கம்பி எட்டு கிடைக்கும். மணி கட்ட அதைவிட நல்ல ஓசிக் கம்பி கிடையாது. ஒரு நுனியை மட்டும் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், நாலு சுற்றில் முறியும்.

பழைய வயர் செம்பு

வயரை எரித்து உறையை நீக்கவே கூடாது. உறையில் உள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டயாக்சினும் வரும்; இரண்டும் நச்சு. செம்பும் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். 20 செ.மீ. துண்டுகளாக வெட்டி, கத்தியைப் படுக்கையாக வைத்து, பென்சில் சீவுவதுபோல் உறையைச் சீவுங்கள். கத்தியைச் செங்குத்தாக அழுத்தினால் செம்பில் கீறல் விழும். பிறகு வளைக்கும்போது சரியாக அந்தக் கீறலில்தான் உடையும். பழைய உறைகளில் ஈயச் சேர்மம் இருக்கக்கூடும் என்பதால் வேலை முடிந்ததும் கை கழுவுவது கட்டாயம்.

செம்பின் பலம், அது வளைய வளைய இறுகுவது. பலவீனமும் அதுவே: ஒரே இடத்தை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ‘டக்’கென்று முறியும். இறுகியதை இளக்க, மங்கலான வெளிச்சத்தில் அரக்குச் சிவப்பு தெரியும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் போதும். அதற்கு மேல் காய்ச்சினால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் ஆகிவிடும். மாறாக, இளகியதை இறுக்க வேண்டுமானால் ஒரு முனையைக் குறட்டில் பிடித்து மறு முனையை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றுங்கள். கம்பி நேராகும், விறைப்பும் ஏறும். வடிவம் முடிந்தபின் நைலான் சுத்தியலால் தட்டுவதும் அதற்கே.

செம்பு தோலைப் பச்சையாக்கும். வியர்வை பட்டால் செம்பின் உப்பு உருவாகிறது, அவ்வளவுதான், கழுவினால் போகும். மோதிரத்தின் உள்பக்கம் அரக்குப் பூச்சு பூசினால் சில வாரம் தாங்கும். களிம்பு ஏறியதை எலுமிச்சைச் சாறும் உப்பும் எடுத்துவிடும். பழமைத் தோற்றம் வேண்டுமா? அவித்த முட்டையை மசித்து, நகையோடு ஒரு மூடிய பையில் அரை மணி நேரம் வையுங்கள். முட்டையின் கந்தகம் கறுப்பேற்றும். நாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

அலுமினியம்

1.5 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்குச் செம்பு ஏறக்குறைய 16 கிராம், அலுமினியம் 5 கிராமுக்குள். பெரிய தொங்கட்டானுக்கு இது ஒன்றே காரணம் போதும். களிம்பு ஏறாது, தோலும் பச்சையாகாது. ஆனால் ஈயம் வைத்துப் பற்றவைக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: மேலே உள்ள ஆக்சைடு படலம் சாதாரண ஈயப் பற்றை ஏற்காது. 660 டிகிரி செல்சியஸில் நிறம் மாறாமலே திடீரென உருகிச் சொட்டும். செம்பில் 1 மி.மீ. போதுமான இடத்தில் இதில் 2 மி.மீ. எடுங்கள். இணைப்பு வளையத்துக்கு அலுமினியம் வேண்டவே வேண்டாம்; ஒரு இழுப்பில் வாய் திறந்துவிடும்.

வளையத்தைச் செம்பில் செய்யும் கணக்கு இது: 1 மி.மீ. கம்பியை 4 மி.மீ. தண்டில் சுற்றினால் ஒரு வளையத்துக்கு 16 மி.மீ. கம்பி, பத்துக்கு 16 செ.மீ. திறக்கும்போது இரு நுனிகளையும் விலக்கி இழுக்காமல் முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். இழுத்தால் வட்டம் போய்விடும், மறுபடி மூடாது.

வண்ணக் கம்பி

0.3, 0.4 மி.மீ. சுற்று வேலைக்கு மட்டும். பெரும்பாலும் உள்ளே செம்புதான், மேலே நிறப் பூச்சு. எனவே அரம், சுத்தியல், தீ மூன்றும் தடை. குறட்டின் பல் பட்டாலே பூச்சு உரியும், தாடையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய நுனியில் செம்பு நிறம் தெரியும். அதை மணிக்குள் ஒளித்துவிட வேண்டும்.

காதுக்குள் போகும் கொக்கிக்கு இந்த மூன்றுமே வேண்டாம். 0.8 மி.மீ. 316 எல் எனும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை எடுங்கள். அதிலும் நிக்கல் உண்டு, கசிவது மிகக் குறைவு. நிக்கல் கடுமையாக ஒவ்வாதவர்களுக்கு டைட்டானியம் அல்லது நியோபியம். கிட்டார் கம்பியை வெட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் நல்ல கட்டரை எடுக்காதீர்கள். அது மிகக் கடினமான எஃகு, கட்டரின் வாய் பள்ளமாகிவிடும்.

இனி கூடச் சேரும் பொருள். கண்ணாடித் துண்டுக்கு 1 மி.மீ. செம்புச் சட்டம். காகித மணிக்கு 0.8. பெட் பாட்டில் இதழ்களுக்கு 0.4 வண்ணக் கம்பி போதும். பானக் கேனின் அலுமினியத் தகடு சுமார் 0.1 மி.மீ.தான், விளிம்பு பிளேடுபோல் அறுக்கும், 2 மி.மீ. மடித்து அழுத்துங்கள். அதைச் செம்புக் கம்பியால் நேரடியாகக் கட்டினால், வியர்வை படும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அங்கே அலுமினியக் கம்பியே போடுங்கள், அல்லது நடுவில் ஒரு பிளாஸ்டிக் மணி.