ஆர்க்கிடெக்ட் உரிமம்: வேலையோடு தேர்வா, வேலை முடிந்த பிறகா?

அமெரிக்காவில் உரிமம் வாங்கப் பட்டம் மட்டும் போதாது. ஏஎக்ஸ்பி என்ற பணி அனுபவத் திட்டத்தின் கணக்கில் 3,740 மணி நேர வேலை அனுபவம், அப்புறம் ஏஆர்இ என்ற உரிமத் தேர்வில் ஆறு பிரிவுகள், பிரிவுக்கு ஒரு தாள்.

மணி நேரத்தை எல்லாம் முடித்துவிட்டு எழுதினால் கேள்விகள் பழகிய முகமாகத் தெரியும். ஒப்பந்ததாரர் அனுப்பிய ஷாப் டிராயிங்கில், அதாவது பொருளைச் செய்யும் முன் ஒப்புதலுக்கு வரும் விரிவான வரைபடத்தில், ஜன்னல் அளவு மாறியிருக்கிறது, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டால், தளத்தில் நின்றவருக்குப் பதில் கையிலேயே இருக்கும். சிக்கல் என்னவென்றால், அதற்குள் வேலைப்பளு கூடி, படிக்கும் பழக்கமே விட்டுப்போயிருக்கும்.

வேலையின் கூடவே எழுதுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன, என் ஓட்டு இதற்குத்தான். வரைபட ஆவணங்களுக்கு மட்டும் 1,520 மணி நேரம் போகிறது, அந்த வேலையில் மூழ்கியிருக்கும்போதே அதற்கான தாளை எழுதிவிடலாம். அலுவலக நிர்வாகத்துக்கோ 160 மணிதான்; சம்பளக் கணக்கையும் காப்பீட்டையும் புதியவர்களிடம் யார் காட்டுகிறார்கள்? அதை எப்படியும் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும், எனவே காத்திருப்பதில் லாபமில்லை.

முன்பு தேறிய தாள் ஐந்து ஆண்டில் காலாவதியாகும் என்ற பயம் இருந்தது. 2023இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.