மலை ஏற்றத்தில் 92, 95: என் அக்சியோ சொன்ன கதை

தலவாக்கலையில் இருந்துகொண்டு பல வருடமாக டொயோட்டா அக்சியோ ஓட்டுகிறேன். 1500 சீசி பெற்றோல் என்ஜின். நுவரெலியா, கண்டி, இடைக்கிடை கொழும்பு என்று காருக்கு ஓய்வு குறைவு. பெற்றோல் ஷெட்டில் 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என்று இரண்டு வகைப் பெற்றோல் இருக்கிறது. "95 அடியுங்க, என்ஜின் நல்லா இருக்கும்" என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுத்தமான 92 கிடைத்தால் இந்த என்ஜினுக்குத் தாராளமாகப் போதும்.

ஒக்டேன் எண்ணுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பெற்றோல் நேரம் தப்பி வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஜப்பானில் ரெகுலர் பெற்றோலுக்கே குறைந்தபட்சம் 89தான். அக்சியோ அதற்கென்றே செய்த கார். அதோடு உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும், சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத என்ஜினுக்கு 95 இன்னும் தேவையில்லாத செலவு. நொக்கிங், அதாவது பெற்றோல் நேரம் தப்பி வெடித்து என்ஜின் தட்டுவது, வருவதென்றால் கீழேதான்: கித்துல்கலை வெயிலில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை ஏற்றத்தில் மிதிக்கும்போது. அங்கே கியரைக் குறைத்து ஏறினால் சரி.

காரைப் படுத்துவது தண்ணீர். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேனில் கைமாறிய பெற்றோலை வாங்கி ஊற்றியவர்களில் நானும் ஒருவன், வேறு வழியிருக்கவில்லை. கொஞ்ச நாளில் காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ஜின் உதறியது, நானுஓயா ஏற்றத்தில் இழுவை விட்டுவிட்டு வந்தது, செக் என்ஜின் லைட்டும் எரிந்தது. கராஜில் டாங்கியின் அடியிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் காட்டினார்கள். மேலே மஞ்சளாகப் பெற்றோல், கீழே நிறமில்லாமல் தண்ணீர், நடுவில் கோடு கிழித்தாற்போல் ஒரு எல்லை. போத்தலைச் சாய்த்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. டாங்கியைக் கழுவி, உள்ளே இருக்கிற பில்டரையும் பிளக்குகளையும் மாற்றிய பிறகுதான் கார் பழையபடி ஓடியது.

மண்ணெண்ணெய்க் கலப்படம் இதைவிட மோசம். 2022 ஓகஸ்ட்டில் விலை ஏறும்வரை மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாய், பெற்றோல் 450. அவ்வளவு வித்தியாசம் இருந்தால் கலக்கத்தான் தோன்றும். அப்புறம் மண்ணெண்ணெய் 340 ஆனது. மண்ணெண்ணெய் கலந்தால் நொக்கிங் வரும், பிளக்கில் கரி படியும், எரியாத மிச்சம் வழிந்து இறங்கி என்ஜின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெற்றோல் தடயமில்லாமல் காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நிற்கும்.

இப்போது பவுசர் லொறி பெற்றோல் இறக்கிக்கொண்டிருக்கிற ஷெட்டில் நான் பெற்றோல் அடிப்பதில்லை, நிலத்தடி டாங்கியில் அடியில் கிடக்கிற மண்டியெல்லாம் அந்த நேரத்தில் கலங்கி மேலே வரும். டாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதுமில்லை. இங்கே ராக்குளிரில் வெறும் டாங்கிக்குள் ஈரம் படியும், பெற்றோல் பம்பும் பெற்றோலில் மூழ்கிக் கிடந்தால்தான் சூடாகாது.

டீசல் வாகனக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டீசலை உயர் அழுத்தத்தில் என்ஜினுக்குள் பீச்சுகிற கொமன் ரெயில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழுவழுப்பு போய்விடும், உராய்ந்து தேயும். மச்சானின் வேனில் பில்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் திருகை ஒவ்வொரு சேர்விஸிலும் திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன், மழைக்காலம் என்றால் இடையிலும் ஒரு தடவை.