கே40 லேசருக்குள் டம்ளர் போகுமா? ரோட்டரி, லென்ஸ், ஜாக், அடித்தகடு, டயோடு: ஓர் ஒப்பீடு

வெட்டவும் பொறிக்கவும் வீட்டு மேசையில் வைக்கும் கே40 என்ற சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசரின் வேலைப்பரப்பு 300 × 200 மி.மீ. ப்ளைவுட், அக்ரிலிக், தோல் என்று தட்டையாக வரும் எதற்கும் அது போதும். பூரிக்கட்டை, பவுடர் கோட்டிங் டம்ளர், தேங்காய்ச் சிரட்டை, கிரிக்கெட் மட்டை என்று யாராவது எடுத்து வரும்போதுதான் கை கட்டிப்போகும். வழி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: பொருளைச் சுழற்றும் ரோட்டரி வாங்கு, லென்ஸை மாற்று, பொருள் வைக்கும் பெட்டைக் கழற்றிவிட்டு உயரம் மாற்றும் ஜாக் வை, அடித்தகட்டை அறுத்துவிடு, இதை விட்டுவிட்டு டயோடு லேசருக்குப் போ. எல்லாமே நடக்கிற வழிகள்தான். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கே40இல் தட்டுப்பாடு ஆழத்துக்குத்தான். அதைக் கணக்கிடாமல் ரோட்டரிக்குப் பணம் கட்டக்கூடாது.

அந்தக் கணக்குக்கு ஓர் அளவுகோல் போதும். கே40இல் வரும் லென்ஸின் குவியத்தொலைவு 50.8 மி.மீ. லென்ஸிலிருந்து அவ்வளவு கீழே இருக்கும் மட்டத்தில்தான் கதிர் கூராக நிற்கும். பொறிக்க வேண்டிய பரப்பு அங்கே வர வேண்டும். அந்த மட்டத்திலிருந்து பெட்டியின் தரைவரை அளந்து பாருங்கள். பழைய பெட்டையும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாய் வாயையும் கழற்றிய பிறகும் கிடைப்பது ஒரு கையகலம் இருந்தால் அதிகம். ரோட்டரியும் அதன்மேல் உட்காரும் டம்ளரும் இந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலும் அடங்காது.

ரோட்டரி தேவையா என்பதையே முதலில் கேட்க வேண்டும். 73 மி.மீ. விட்டமுள்ள டம்ளரை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சிக்கோட்டிலிருந்து இருபுறமும் 10 மி.மீ. போனால் பரப்பு 1.4 மி.மீ. மட்டுமே தாழ்கிறது. ஃபோகஸை உச்சிக்கும் ஓரத்துக்கும் நடுவே வைத்தால் பிழை மேலும் கீழும் 0.7 மி.மீ.தான், 50.8 லென்ஸ் அதைத் தாங்கும். ஆக, 20 மி.மீ. அகலத்துக்குள் டம்ளரின் நீளவாக்கில் ஒரு பெயர் எழுத ரோட்டரி வேண்டாம். இருபுறமும் 15 மி.மீ. என்று விரித்தால் தாழ்வு 3.2 மி.மீ. ஆகிவிடும், ஓர எழுத்துகள் மங்கத் தொடங்கும். பெயர் மட்டும் பொறிப்பவருக்கு வேண்டியது டம்ளர் உருளாமல் பிடிக்கும் வி வடிவக் கட்டை ஒன்றும், உயரத்தை மாற்ற ஒரு சிறிய சிசர் ஜாக்கும்தான். பெட்டைக் கழற்றி ஜாக் வைப்பது எல்லா வழிகளிலும் மலிவானது, பெட்டியில் ஒரு துளைகூடப் போடாதது. அதன் எல்லையும் உடனே தெரிந்துவிடும்: இருக்கும் ஆழத்தை முழுதாகப் பயன்படுத்த உதவும், புதிதாக ஆழம் எதையும் தராது.

சிரட்டைக்கு எந்த ரோட்டரியும் சரிப்படாது. அது இரு திசையிலும் வளைகிறது, இரண்டு சிரட்டைகள் ஒரே வடிவத்தில் இருப்பதுமில்லை. அங்கேதான் நீண்ட லென்ஸின் நினைவு வருகிறது. குவியத்தொலைவு 101.6 மி.மீ. உள்ள லென்ஸைப் போட்டால் ஃபோகஸ் தாங்கும் ஆழம் நான்கு மடங்காகும். அதற்கு விலையும் உண்டு. புள்ளியின் விட்டம் இருமடங்காவதால் நுண்ணிய கோடுகள் தடிக்கும். அதே சக்தி நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால் வேகத்தைக் குறைக்க வேண்டும். விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இன்னொன்று. இந்த லென்ஸுக்குப் பொருள் இன்னும் 50.8 மி.மீ. கீழே போக வேண்டும். இல்லாத ஆழத்தை இந்த லென்ஸ் மேலும் விழுங்குகிறது. பெட்டியை மாற்றாமல் செய்வதென்றால் 63.5 மி.மீ. லென்ஸ் நல்ல நடுவழி. லென்ஸைத் தாங்கி ஓடும் கே40இன் ஹெட்டில் பொருந்துவது 12 மி.மீ. விட்ட லென்ஸ் என்பதை மறக்காமல் பார்த்து வாங்குங்கள்.

சுற்றிலும் படம் வர வேண்டும் என்றால் ரோட்டரி தவிர வழியில்லை. ரோலர் வகை, சக் வகை என்று இரண்டு இருக்கின்றன. ரோலரில் பொருள் இரண்டு ரப்பர் உருளைகள்மேல் படுத்திருக்கும். உருளை சுழலப் பொருளும் சுழலும். சக் வகை, லேத்தில் இருப்பதுபோல், மூன்று தாடைகளால் பொருளின் ஒரு முனையைப் பிடித்துத் திருப்பும்.

ரோலரின் பெரிய வசதி, பொருளின் விட்டம் எதுவானாலும் கணக்கு மாறாதது. ரோலரின் பரப்பு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் டம்ளரின் பரப்பும் நகரும். ஒருமுறை அளவைச் சரிசெய்துவிட்டால் பேனாவுக்கும் பூரிக்கட்டைக்கும் அதே எண். சக்கில் ஒவ்வொரு விட்டத்துக்கும் புதிய கணக்கு. கே40இன் மோட்டார்களை இயக்கும் பழைய எம்2 நேனோ பலகை அங்குலத்துக்கு 1000 ஸ்டெப் (மோட்டாரின் ஒரு சிறு நகர்வு) என்ற கணக்கில் ஓடுகிறது. ரோட்டரி மோட்டார் ஒரு சுற்றுக்கு 1600 ஸ்டெப் எடுப்பதாகவும், கியர் இல்லாமல் சக்கை நேராகச் சுழற்றுவதாகவும் வைத்துக்கொண்டால், படத்தில் 40.6 மி.மீ. வந்ததும் டம்ளர் ஒரு முழுச் சுற்று முடித்திருக்கும். 73 மி.மீ. டம்ளரின் சுற்றளவு 229 மி.மீ. எனவே கருவியை ஓட்டும் கே40 விஸ்பரர் மென்பொருளின் ரோட்டரி அமைப்பில் ஒய் (முன்பின் திசை) அளவுக்காரணி 0.177. டம்ளர் மாறினால் இந்த எண்ணும் மாறும்.

நுணுக்கத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மேலே சொன்ன சக்கில் ஒரு ஸ்டெப்புக்கு டம்ளரின் பரப்பு 0.14 மி.மீ. நகர்கிறது. 20 மி.மீ. விட்ட ரோலரை அதே மோட்டார் திருப்பினால் ஒரு ஸ்டெப்புக்கு 0.04 மி.மீ.தான். தடித்த பொருளில் புகைப்படம் பொறிப்பவர் ரோலரை எடுக்கலாம், அல்லது கியர் வைத்த சக்கைத் தேடலாம்.

ஆனாலும் வாங்கச் சொல்லி யாராவது கேட்டால் நான் சக்கைத்தான் சொல்வேன். காரணம் வழுக்கல். எடை குறைந்த டம்ளர் ரோலரில் வழுக்கும். வழுக்கிய இடத்தில் படம் உடையும். வேகத்தையும் முடுக்கத்தையும் குறைத்தால் சற்றுச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். வாய் அகன்று அடி குறுகிய டம்ளர் ரோலரில் சுழலும்போதே ஒரு பக்கமாக நடந்துபோகும்; முனையில் தடுப்பு வைத்தே ஆக வேண்டும். கைப்பிடி உள்ள கோப்பையின் பிடி ரோலரில் இடிக்கும். சக்கின் தாடைகளை வாய்க்குள் விட்டு விரித்துப் பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை. சாய்ந்த பக்கமுள்ள பொருளுக்குச் சக்கையே சாய்த்து, மேல்கோட்டை மட்டமாக்க முடியும். ரோலர் வெல்வது பூரிக்கட்டை, மூங்கில் துண்டு, கனமான பாட்டில் போன்ற நேரான, எடையுள்ள உருளைகளில்.

இரண்டுக்கும் பொதுவானது மின்சாரப் பக்கம். ஒய் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி அந்த இடத்தில் ரோட்டரியைச் செருக வேண்டும், அதுவும் கருவியை முழுக்க அணைத்த பிறகு. மின்சாரம் ஓடும்போது ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றினால் அதை இயக்கும் டிரைவர் சில்லு எரிந்துபோகலாம். கருவி தொடங்கும்போதே ஹெட் தன் தொடக்க இடத்துக்கு (ஹோம்) ஓடும் அமைப்பையும் நிறுத்திவைத்து, ஹெட்டைக் கையால் நகர்த்தி டம்ளரின் உச்சிக்கோட்டுக்கு நேர்மேலே நிறுத்துங்கள். கனமான சக்கை இழுக்கப் பலகையின் சிறிய டிரைவருக்குத் திராணி போதாது. தனி டிரைவர் வைப்பது நல்லது.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு ஆழத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அடித்தகட்டை அறுத்து, கீழே 150 மி.மீ. ஆழத்தில் ஒரு பெட்டி சேர்ப்பது பார்க்க முரட்டு வேலை. ஆனால் சக்கையும் டம்ளரையும் நீண்ட லென்ஸையும் ஒரே நேரத்தில் சாத்தியமாக்குவது இது ஒன்றுதான். அறுக்கும் முன் மின்செருகியை உருவிவிட்டு, உயர் அழுத்த சப்ளையில் தங்கிய மின்னேற்றம் வடிய நேரம் கொடுத்து, லேசர் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயையும் சப்ளையையும் பலகையையும் வெளியே எடுத்துவிடுங்கள். கிரைண்டர் தெறிக்கும் இரும்புத்தூள் பல ஆயிரம் வோல்ட் ஓடும் இடத்தில் படிந்தால் பின்னால் ஆபத்து. அதிர்வு குழாயை உடைக்கவும் கூடும். ஹெட் ஓடும் ரெயில் சட்டம் அடித்தகட்டில்தான் போல்ட் போட்டு நிற்கிறது. அதனால் ஓரம்வரை அறுக்காமல் போல்ட்களைச் சுற்றி நல்ல விளிம்பு விட வேண்டும். விளிம்பு மெலிந்தால் சட்டம் நெளியும், கதிரைத் திருப்பும் கண்ணாடிகளின் நேர்வரிசை போய்விடும். எப்படியும் வேலை முடிந்ததும் நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சூட்டுப் புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கீழே வரும் பெட்டி இரும்புத் தகட்டில், இடைவெளி இல்லாமல், பழைய உடலோடு எர்த் இணைப்பு கொண்டு இருக்கட்டும். அடியைத் திறந்து மரமேசை மேல் வைத்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன், மனம் பதறுகிறது. சிஓ2 கதிர் 10.6 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, தீ பிடித்த பிறகுதான் தெரியும். மூடியைத் திறந்ததும் லேசரை நிறுத்தும் இன்டர்லாக் ஸ்விட்ச் இல்லாத கருவி என்றால் இந்த வேலையோடு அதையும் பொருத்திவிடுங்கள். புகை புதிய குழிக்குள் தேங்கும், ஃபேனின் இழுப்பும் கூட வேண்டும். பிறகு தட்டையான வேலைக்குத் திரும்ப, பழைய உயரத்தில் நிற்கும் நான்கு கால்மேல் கழற்றி மாட்டக்கூடிய பெட் ஒன்று செய்துகொண்டால் போதும். மோட்டாரால் ஏறி இறங்கும் இசட் பெட் அழகுதான், ஆனால் அதன் திருகுகளும் பெல்ட்டும் சேர்த்த ஆழத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

நீளமான பொருளுக்காகக் கே40இன் முன்பக்கத்தில் பிளவு வெட்டுவதை நான் ஏற்கவில்லை. கதிர் தப்பும் வழி உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே திறக்கிறது. கிரிக்கெட் விதிப்படி மட்டை 96.5 செ.மீ. நீளம் வரை இருக்கலாம். ஊஞ்சல் பலகை அதைவிட நீளம். இவற்றைக் கருவிக்குள் நுழைக்கப் பார்ப்பது வீண். கருவியைப் பொருளின்மேல் வைக்க வேண்டும். 450 நானோமீட்டர் டயோடு லேசரின் திறந்த சட்டம் அதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. நான்கு மரக்கட்டைமேல் சட்டத்தை உயர்த்தி, பலகையின் நடுவில் வைத்துப் பொறித்து, நகர்த்தி, மீண்டும் பொறிக்கலாம். கால்களை உயர்த்தினால் சக்கும் டம்ளரும்கூட அடியில் உட்கார்ந்துவிடும். மரத்துக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். தெளிந்த கண்ணாடியிலும் அக்ரிலிக்கிலும் அந்த நீலக்கதிர் ஊடுருவிப் போய்விடும். அங்கே சிஓ2வுக்கு மாற்று இல்லை. திறந்த கருவி என்பதால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பளபளக்கும் உருண்டைப் பரப்பில் கதிர் எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் சட்டத்தைச் சுற்றி மூடிய கூண்டு கட்டாமல் ஓட்டாதீர்கள்.

என் தேர்வு இப்படி: பெயர் மட்டும் என்றால் ஜாக்கும் வி கட்டையும். டம்ளர், கோப்பை, கண்ணாடி பாட்டில் தொடர்ந்து வருமென்றால் அடித்தகட்டை அறுத்து, அதன்பின் சக். மட்டை, பலகை, கதவு என்றால் கே40இல் கைவைக்காமல் டயோடு. பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவதுபோல் பூச்சில்லாத எவர்சில்வர் செம்பில் பொறிக்க நினைப்பவருக்கு, கே40இல் எவ்வளவு ஆழம் சேர்த்தாலும் பயனில்லை. 10.6 மைக்ரோமீட்டர் கதிரை வெறும் உலோகம் திருப்பி அனுப்பிவிடும். குறியிடும் பூச்சு தடவியாக வேண்டும், இல்லையென்றால் 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசரைத் தேட வேண்டும்.