நெட்டுக்குத்துப் பலகையும் கறுக்கும் அடிமுனையும்

கிருஷ்ணகிரியில் வீடு கட்டும் நண்பர், முகப்புச் சுவரில் மரப்பலகையை நெட்டுக்குத்தாக அடிப்பதா, படுக்கைவசமாகவா என்று கேட்டார். எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் இப்போதுதான் ரிப்பேர் முடிந்திருக்கிறது, சூட்டோடு சொல்லிவிடுகிறேன்.

நெட்டுக்குத்துக்கு அழகு கூடுதல்தான். மழைநீர் இழைவழியே நேராக இறங்கிவிடும். செம்மண் தூசியும் கல் அறுக்கும் பட்டறைத் தூசியும் பறக்கும் நம் ஊரில் அதில் அழுக்கு தங்குவதும் குறைவு.

ஆனால் அந்த அடிமுனை! பலகையின் அறுத்த முனை உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். நெட்டுக்குத்தில் எல்லாப் பலகைக்கும் அறுத்த முனை கீழேதான். தரையில் அடித்துத் தெறிக்கும் மழை அத்தனை முனையையும் ஒன்றாகக் கறுக்க வைக்கும். முகத்துக்கு மூன்று கோட் எண்ணெய் பூசும் ஆட்கள் முனையைத் தொடுவதே இல்லை. எரிச்சல் அங்கேதான்.

ரிப்பேர் இது: அடியில் அரை அடியைச் சுவரின் முழு நீளத்துக்கும் அறுத்தெடுத்து, அங்கே ஒரே பலகையைப் படுக்கவைத்து, நடுவில் வெளிப்பக்கம் சரியும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. மேல் பலகைக்கும் தகட்டுக்கும் அரை அங்குல இடைவெளி கட்டாயம். ஒட்டினால் மறுபடி உறிஞ்சும். முன் விளிம்பு தாழ்ந்திருக்கும்படி முனையைச் சரிவாக அறுத்து, பலகையை ஏற்றும் முன்பே எண்ணெய் குடிக்க விட வேண்டும்.

பலகையைத் திருகச் சுவரில் அடிக்கும் மெல்லிய கட்டையான ரீப்பரிலும் வினை உண்டு. நெட்டுப் பலகைக்கு ரீப்பர் குறுக்கே ஓடும். அதை நேரடியாகச் சுவரோடு ஒட்டி அடித்தால் காற்று ஏறாது, தண்ணீர் அதன்மேல் நிற்கும். முதலில் நெட்டு ரீப்பர், அதன்மேல் 2 அடிக்கு ஒரு குறுக்கு ரீப்பர். கட்டையும் கூலியும் கூடத்தான் செய்யும்.

படுக்கைவசத்துக்கு நெட்டு ரீப்பர் மட்டும் போதும், காற்று தானாக ஏறும். ஒரு பலகை அடுத்ததன்மேல் ஒரு அங்குலம் ஏற வேண்டும். கீழ்ப்பலகையையும் சேர்த்துத் திருகாதீர்கள். மரம் அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும், இரண்டு பக்கமும் பிடித்தால் வெடிக்கும். கெட்டாலும் பெரும்பாலும் அடிப்பலகை ஒன்றுதான், மாற்றிவிடலாம்.

எனவே படுக்கைவசமாகவே அடியுங்கள். எப்படி அடித்தாலும் தரையிலிருந்து 8 அங்குலம் விடுங்கள், கரையான் மண்கோடு போட்டால் கண்ணில் படும். தேக்குக்கு ஸ்டெயின்லெஸ் திருகு மட்டும். இரும்பு ஆணி முதல் மழையிலேயே கறுப்பாக வழியும்.