பேகாப்-38: பல வருடம் பயன்படுத்தியதில் தெரிந்தவை

நரம்பு செல் வளர்க்கும் லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள், பேகாப் (PACAP) என்ற பெப்டைடு, அதாவது சிறிய அமினோ அமிலச் சங்கிலி, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பல வருடமாக இதை வைத்து வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகத் தகும்.

பேகாப்-38 என்பது 38 அமினோ அமிலங்கள் கொண்ட நியூரோபெப்டைடு, அதாவது நரம்பு செல்கள் சுரக்கும் பெப்டைடு. 1989இல் ஆய்வாளர் அகிரா அரிமுராவின் குழு செம்மறி ஆட்டு மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து பிரித்தெடுத்தது. பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும் பொருளைத் தேடும்போது கிடைத்தது இது. மூளை வளர்ச்சியில் இதற்கு இருக்கும் வேலை பிறகுதான் தெரியவந்தது.

நான் பயன்படுத்துவது எலிக்குட்டியின் சிறுமூளையில் உள்ள கிரானூல் செல்கள் என்ற சின்ன நரம்பு செல்களில். பிறந்து ஏழெட்டு நாளான குட்டியில் இந்த செல்கள் இன்னும் பெருகிக்கொண்டும், உள்ளடுக்குக்கு இறங்கிக்கொண்டும் இருக்கும். ஒரு பகுதி வழியிலேயே செத்துப்போகும். பேகாப் வந்து ஒட்டும் பேக்1 ஏற்பி (செல்லின் மேல் இருந்து சமிக்ஞையை வாங்கும் புரதம்) அந்த வயதில் இவற்றில் நிறைய இருக்கிறது. பிரான்சில் ருவான் நகர ஆய்வாளர்கள் குட்டிகளின் சிறுமூளைப் பரப்பில் பேகாப் செலுத்தியபோது இந்த செல்களின் அடுக்கே பெரிதானது.

டிஷ்ஷில் செல்கள் வளரும் திரவத்தின் பொட்டாசியத்தை 25 மில்லிமோலாரிலிருந்து 5க்கு இறக்கிப் பாருங்கள். மறுநாள் செல்கள் சுருங்கி, நீட்சிகள் மணிமணியாக அறுந்து கிடக்கும். பக்கத்துக் குழியில் 100 நானோமோலார் பேகாப் சேர்த்திருந்தால், அங்கே நிறைய செல்கள் பளிச்சென்று, நீட்சிகள் அறுபடாமல் நிற்கும். ஏற்பியில் பெப்டைடு உட்கார்ந்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு ஏறுகிறது. அது கிளப்பிவிடும் சங்கிலி, செல்லைக் கொல்லும் காஸ்பேஸ்-3 நொதியை அடக்குகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

சரி, கையாளும் விஷயம். 0.1 மில்லிகிராம் பொடியை 220 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்தால் 100 மைக்ரோமோலார் வரும். திறப்பதற்கு முன் குப்பியைச் சற்றுச் சுழற்றிப் பொடியை அடியில் இறக்குங்கள். கரைத்த கையோடு சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். நேர்மின்னேற்றம் அதிகமுள்ள பெப்டைடு என்பதால் நீர்த்த கரைசலில் ட்யூப் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும். ஒட்டாத ரக ட்யூபும் துளி ஆல்புமின் புரதமும் அவசியம்.

லேப் பொடியை உடம்பில் ஏற்றிக்கொள்ளலாமா என்றும் சிலர் விசாரிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரத்தத்தில் நொதிகள் இதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். அதோடு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இதை ரத்தக் குழாயில் ஏற்றினால் அதே தலைவலி கிளம்புவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேகாபைத் தடுக்கும் ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை)த்தான் இப்போது அந்த நோய்க்கு மருந்தாகச் சோதிக்கிறார்கள்.

அப்புறம், பேகாப் மட்டும் வாங்கினால் போதாது. அதைத் தடுக்கும் பேகாப் 6-38ஐயும், பேக்1 ஏற்பியில் மிகப் பலவீனமாகவே ஒட்டும் விஐபி பெப்டைடையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். பேகாப் ஒட்டும் இன்னொரு ஏற்பி விபேக்2. விஐபி அதில் நன்றாக ஒட்டும். 6-38 இந்த விபேக்2 ஏற்பியையும் அடைக்கும் என்பதால், விஐபி குழி பக்கத்தில் இல்லாமல் பேக்1தான் காப்பாற்றியது என்று எழுத முடியாது.